மறுசுழற்சித் தொழிலும் அதன் சங்கங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய இரும்பு, செம்பு, ஈயம், பிளாஸ்டிக், மின்கழிவு, துணிக்கழிவு என்று எதையாவது வாங்கிப் பிரித்து, உருக்கி, மறுபடி சந்தைக்கு அனுப்புகிறவர்கள் நாடு முழுக்க இருக்கிறார்கள். இவர்கள் சங்கமாகச் சேர்ந்து அரசிடம் என்ன கேட்கிறார்கள்? அதில் சுற்றுச்சூழலுக்கு என்ன கிடைக்கிறது? தொழிலில் புதிதாக இறங்கியவர்களும் மாணவர்களும் சூழல் ஆர்வலர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். பெரும்பாலும் இந்தியாவைப் பற்றித்தான் பேசுகிறேன். வெளிநாட்டு முடிவுகள் நம் யார்டு வரை வந்து தொடும் இடங்களில் அவற்றையும் சேர்த்திருக்கிறேன்.

மறுசுழற்சி நிறுவனங்களுக்கு எதற்குச் சங்கம்?

பெரிய எஃகு ஆலையோ அலுமினிய ஆலையோ நினைத்தால் டில்லியில் அமைச்சகத்தின் கதவை நேராகவே தட்டலாம். மறுசுழற்சியில் பெரும்பாலானவை சின்ன யூனிட்டுகள். முதலாளியே காலையில் எடை போடுவார், மதியம் வங்கிக்குப் போவார், சாயங்காலம் கணக்கு எழுதுவார். அவர் எங்கே போய் யாரிடம் பேசுவது?

பேச வேண்டிய இடமும் ஒன்றல்ல. இறக்குமதி வரி நிதி அமைச்சகத்தில், மாசு விதிகள் சுற்றுச்சூழல் அமைச்சகத்தில், எஃகு ஸ்கிராப் எஃகு அமைச்சகத்தில், அலுமினியமும் செம்பும் சுரங்க அமைச்சகத்தில், பழைய வாகனங்கள் சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தில் என்று பிரிந்து கிடக்கிறது. ஒரே லாரி ஸ்கிராப்பின் தலைவிதியை இத்தனை இடங்களில் எழுதுகிறார்கள். அத்தனை வாசலுக்கும் போய்வர ஓர் அலுவலகமும், விதிகளைப் படித்துப் புரிந்துகொள்ளும் ஆட்களும் வேண்டும். சங்கம் என்பது முதலில் அதுதான்.

இன்னொரு காரணம் சட்டத்தில் இருக்கிறது. மறுசுழற்சியாளரின் மூலப்பொருள் சட்டத்தின் கண்ணில் கழிவு. ஆகவே குப்பையை நினைத்து எழுதிய கட்டுப்பாடுகளெல்லாம் நன்றாகப் பிரித்துச் சுத்தம் செய்த செம்புக் கம்பி மீதும் விழும். "எங்களுடையது மூலப்பொருள், அப்படியே நடத்துங்கள்" என்பது உலகம் முழுக்க இந்தச் சங்கங்களின் மிகப் பழைய கோரிக்கை. இது பாதி நியாயம். ஏன் பாதி என்பதைக் கீழே சொல்கிறேன்.

முக்கியமான சங்கங்கள் எவை?

உலக அளவில் பீரோ ஆஃப் இன்டர்நேஷனல் ரீசைக்கிளிங் (பி.ஐ.ஆர்.). 1948-ல் தொடங்கியது, தலைமையகம் பிரஸ்ஸல்ஸ். அமெரிக்காவில் 1987-ல் இரண்டு சங்கங்கள் இணைந்து உருவானது இன்ஸ்டிடியூட் ஆஃப் ஸ்கிராப் ரீசைக்கிளிங் இண்டஸ்ட்ரீஸ் (இஸ்ரி). 2024-ல் அது ரீசைக்கிள்டு மெட்டீரியல்ஸ் அசோசியேஷன் என்று பெயர் மாற்றிக்கொண்டது. நம் ஊர் வியாபாரிகள் இன்னும் இஸ்ரி என்றே சொல்கிறார்கள். ஐரோப்பாவுக்கு யூரிக்.

இந்தியாவில் உலோகத்தைத் தொட்டவர்களுக்குத் தெரிந்த பெயர் மெட்டீரியல் ரீசைக்கிளிங் அசோசியேஷன் ஆஃப் இந்தியா (எம்.ஆர்.ஏ.ஐ.). முதலில் உலோகத்துக்கு மட்டும் இருந்தது, பிறகு டயர், பிளாஸ்டிக், மின்கழிவு, பேட்டரி என்று விரிந்தது. குஜராத்தின் அலங் கடற்கரையில் கப்பல் உடைப்பவர்களுக்குத் தனிச் சங்கம் உண்டு. பிளாஸ்டிக், பெட் பாட்டில், கழிவுப் பஞ்சு நூற்பாலை ஆகியவற்றுக்கும் தனித்தனிச் சங்கங்கள் உண்டு.

வருஷம் முழுக்க என்னதான் செய்வார்கள்?

மாநாட்டுப் புகைப்படங்களைப் பார்த்துவிட்டுப் பலர் இதைக் கேட்கிறார்கள். மாநாடு வெளியில் தெரியும் பகுதி. வேலை கடிதங்களில் நடக்கிறது.

பிப்ரவரி 1 அன்று பட்ஜெட். அதற்குச் சில மாதங்கள் முன்பே தொழில் அமைப்புகளிடம் நிதி அமைச்சகம் யோசனை கேட்கும். எந்தப் பொருளுக்கு இப்போது என்ன வரி, எவ்வளவாக மாற்ற வேண்டும், மாற்றினால் அரசுக்கு எவ்வளவு குறையும், நாட்டுக்கு என்ன லாபம் என்று ஒவ்வொரு சுங்க எண்ணுக்கும் (சுங்க அட்டவணையில் ஒரு பொருளுக்குரிய வகை எண்) எழுதித் தர வேண்டும். பொத்தாம்பொதுவாக "வரியைக் குறையுங்கள்" என்று எழுதிய கடிதத்துக்கு அங்கே மதிப்பில்லை.

அப்புறம் வரைவு விதிகள். சுற்றுச்சூழல் அமைச்சகம் ஒரு விதியின் வரைவை அரசிதழில் வெளியிட்டால், ஆட்சேபணை சொல்லப் பொதுவாக 60 நாள் தருவார்கள். இந்த 60 நாளில்தான் ஒரு சங்கத்தின் உண்மையான தரம் தெரியும். உறுப்பினர்களிடம் கணக்கு வாங்கி, எந்த உட்பிரிவு தரையில் நடைமுறைக்கு ஒத்துவராது என்று காட்டி, மாற்று வாசகத்தையும் எழுதித் தருகிற சங்கம் விதியை மாற்றுகிறது. "இதை வன்மையாக எதிர்க்கிறோம்" என்பதோடு நிற்கும் சங்கம் கோப்பில் ஒரு தாளாக முடிகிறது.

இவை போக அமைச்சகக் குழுக்கள், தர நிர்ணயக் குழுக்கள், நீதிமன்ற வழக்குகள், துறைமுகத்தில் சரக்கு மாட்டிக்கொண்டால் சுங்க அதிகாரியிடம் பேசுவது என்று பட்டியல் நீளும்.

சங்கம் எழுதிய ஒன்று சட்டமாகவே ஆன உதாரணம் உண்டா?

உண்டு. நம் சுங்க அட்டவணையிலேயே இருக்கிறது. இந்தியச் சுங்க அட்டவணையில் செம்பு ஸ்கிராப் வரும் இடத்தைத் திறந்து பாருங்கள். "பார்லி", "பெரி", "பிர்ச்" என்ற பெயர்கள் இருக்கும். அலுமினியத்தில் "டெயின்ட் டேபர்". இவையெல்லாம் இஸ்ரி தன் வியாபாரிகளுக்காக வகுத்த தரப் பெயர்கள். பார்லி என்றால் மேலுறை நீக்கிய, பூச்சு இல்லாத சுத்தமான செம்புக் கம்பி. அதில் என்னென்ன இருக்கக் கூடாது என்பதும் வரையறையில் இருக்கிறது. கடல் கடந்து இருக்கும் இரண்டு பேர், ஒருவரை ஒருவர் பார்க்காமலே, ஒரு சொல்லை வைத்து ஒரு கன்டெய்னர் சரக்குக்கு விலை பேச முடிகிறது என்றால் காரணம் இந்தப் பட்டியல்தான்.

இதற்கும் சுற்றுச்சூழலுக்கும் என்ன சம்பந்தம்? சரக்கில் எவ்வளவு அழுக்கு அனுமதி என்பது தரத்திலேயே எழுதப்பட்டிருப்பதால், கலப்படக் குப்பையை ஸ்கிராப் என்று சொல்லி ஏழை நாட்டுக்குத் தள்ளுவது கடினமாகிறது. என் பார்வையில், எந்தச் சங்கமும் செய்த எந்தப் பிரசாரத்தையும் விட இந்தப் பட்டியல் அதிக நன்மை செய்திருக்கிறது. இதைச் சங்கங்களே அதிகம் சொல்லிக்கொள்வதில்லை என்பது எனக்கு வருத்தம்.

சுங்க வரியைக் குறைக்கச் சொல்வது சுற்றுச்சூழலுக்கா, லாபத்துக்கா?

இரண்டுக்கும்தான். இதை மறைக்க வேண்டியதில்லை.

அலுமினியத்தை எடுத்துக்கொள்வோம். பாக்சைட்டைத் தோண்டி, அலுமினாவாக்கி, மின்பகுப்பில் உலோகமாக்குவதற்கு ஆகும் ஆற்றலோடு ஒப்பிட்டால், பழைய அலுமினியத்தை உருக்க அதில் சுமார் 5 சதவீதம் போதும். இந்தியாவில் அலுமினிய ஆலைகளின் மின்சாரம் பெரும்பகுதி நிலக்கரியிலிருந்து வருகிறது. எனவே ஒவ்வொரு டன் ஸ்கிராப்பும் எங்கோ ஒரு நிலக்கரிக் குவியலை எரியாமல் வைக்கிறது. எஃகிலும் இதே கதை. 2019-ல் மத்திய அரசு வெளியிட்ட எஃகு ஸ்கிராப் மறுசுழற்சிக் கொள்கை ஒரு டன் ஸ்கிராப் 1.1 டன் இரும்புத் தாதுவையும் 630 கிலோ கோக்கிங் நிலக்கரியையும் 55 கிலோ சுண்ணாம்புக் கல்லையும் மிச்சப்படுத்துகிறது என்கிறது.

நம் நாட்டில் வீடு, வாகனம், இயந்திரம் எல்லாம் பெருமளவில் பெருகியது சமீப காலத்தில்தான். அவை பழசாகி ஸ்கிராப்பாக வர இன்னும் காலம் ஆகும். அதுவரை கும்மிடிப்பூண்டியில் கம்பி வார்க்கும் இண்டக்ஷன் உலையோ (மின்சாரத்தால் உருக்கும் உலை), வாகன உதிரிபாகம் வார்க்கும் அலுமினியப் பட்டறையோ வெளிநாட்டு ஸ்கிராப்பையும் நம்பித்தான் ஓட வேண்டும். "வரியைப் பூஜ்யமாக்குங்கள்" என்று எம்.ஆர்.ஏ.ஐ. ஆண்டுதோறும் கேட்பது இதனால்தான்.

பலனும் கிடைத்திருக்கிறது. எஃகு ஸ்கிராப்புக்கு 2021 பட்ஜெட்டில் வந்த விலக்கு ஒவ்வொரு முறையும் நீட்டிக்கப்பட்டு வந்தது. 2025 பட்ஜெட்டில் லித்தியம் அயன் பேட்டரி, ஈயம், துத்தநாகம் ஆகியவற்றின் ஸ்கிராப்புக்கும் மேலும் 12 முக்கியக் கனிமங்களின் ஸ்கிராப்புக்கும் வரி நீக்கப்பட்டது. அந்தப் பட்ஜெட்டுக்குப் பிறகும் அலுமினிய ஸ்கிராப்புக்கு 2.5 சதவீதம் நின்றது.

ஏன் அலுமினியம் மட்டும்? எதிரில் இன்னொரு சங்கம் இருக்கிறது. தாதுவிலிருந்து அலுமினியம் எடுக்கும் பெரிய ஆலைகளின் சங்கம், ஸ்கிராப் வரியைக் குறைக்காதே, புது உலோகத்துக்கு இருக்கும் 7.5 சதவீத அளவுக்கு உயர்த்து என்று கேட்கிறது. தரமில்லாத ஸ்கிராப் உள்ளே வந்து குவிகிறது என்பது அவர்கள் வாதம். அந்த வாதத்தில் உண்மையே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதற்கு மருந்து துறைமுகத்தில் தரப் பரிசோதனை. வரியை உயர்த்தினால் சுத்தமான சரக்குக்கும் அழுக்குச் சரக்குக்கும் ஒரே தண்டனைதான் கிடைக்கும். இந்த விஷயத்தில் நான் மறுசுழற்சியாளர் பக்கம்.

ஜி.எஸ்.டி. பிரச்சினை என்ன?

உலோக ஸ்கிராப்புக்கு 18 சதவீதம். வீடு வீடாகப் போய் வாங்குபவர் பதிவு பெற்றவரல்ல, காயலாங்கடைக்காரரில் பலரும் அல்ல. சரக்கு பில் இல்லாமல் தொடங்கி, நடுவில் எங்கோ பில்லுக்குள் நுழைய வேண்டும். அந்த இடத்தில்தான் போலி பில் கும்பல் முளைத்தது. சரக்கே இல்லாமல் பில் மட்டும் போட்டு, உள்ளீட்டு வரிச் சலுகையை (வாங்கும்போது கட்டிய வரியைத் தன் வரியில் கழித்துக்கொள்வது) எடுத்துக்கொண்டு கம்பெனி மறைந்துவிடும். பிறகு அதிகாரிகள், நேர்மையாக வாங்கிய மறுசுழற்சியாளரிடம் வந்து "நீ எடுத்த வரிச் சலுகையைத் திருப்பிக் கட்டு" என்பார்கள்.

சங்கங்கள் பல வருஷம் கேட்ட பிறகு, 2024 அக்டோபர் 10 முதல் பதிவில்லாதவரிடம் உலோக ஸ்கிராப் வாங்கினால் வாங்குபவரே வரி கட்டும் ரிவர்ஸ் சார்ஜ் முறை வந்தது. பதிவு பெற்ற வியாபாரிகளுக்குள் நடக்கும் விற்பனையில் 2 சதவீத வரிப் பிடித்தமும் வந்தது. வரி விகிதத்தை 5 சதவீதமாக்க வேண்டும் என்ற கோரிக்கை அப்போது நிறைவேறவில்லை. கழிவு பிளாஸ்டிக்குக்கு 2021 அக்டோபரில் 5 சதவீதம் 18 ஆனது. பழைய பிளாஸ்டிக்கைப் பொறுக்கிச் சேர்த்து வாழும் குடும்பங்கள் இருக்கும் நாட்டில் அது செய்யத்தக்க காரியமல்ல.

உற்பத்தியாளரின் பொறுப்பு (இ.பி.ஆர்.) என்கிறார்களே, அதில் சங்கங்களின் பங்கு என்ன?

இப்போது எல்லாச் சண்டையும் இங்கேதான் நடக்கிறது. கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பொருளைத் தயாரித்து விற்றவரே அது குப்பையானதும் அதை மறுசுழற்சி செய்யும் செலவை ஏற்க வேண்டும் என்பது கொள்கை. ஃபிரிட்ஜ் கம்பெனி தானே பழைய ஃபிரிட்ஜை உடைக்கப்போவதில்லை. பதிவு பெற்ற மறுசுழற்சியாளர் உடைத்து, மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளத்தில் சான்றிதழ் பெறுவார். கம்பெனி அந்தச் சான்றிதழைக் காசு கொடுத்து வாங்கித் தன் கணக்கைச் சரிகட்டும்.

பிளாஸ்டிக் பொட்டலங்களுக்கு இது 2022 பிப்ரவரியில் விரிவாக வந்தது. பேட்டரிக்கு 2022 ஆகஸ்டில். மின்கழிவுக்குப் புதிய விதிகள் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தன. அதில் இலக்கு 60 சதவீதத்தில் தொடங்கி 2027-28-ல் 80 சதவீதம் ஆகும். பழைய வாகனங்களுக்கு 2025 ஏப்ரலில் வந்தது.

இதனால் மறுசுழற்சியாளருக்கு இரண்டு வருமானம்: உலோகத்தை விற்பது ஒன்று, சான்றிதழை விற்பது இன்னொன்று. மின்கழிவில் லாபம் தரும் பாகம் கொஞ்சம்தான். மீதியைப் பாதுகாப்பாக அழிப்பது வெறும் செலவு. அந்தச் செலவைச் சான்றிதழ் விலை தாங்கினால்தான் ஒழுங்காக வேலை செய்பவர் பிழைப்பார். ஆனால் சந்தையில் விலை அடிமட்டத்துக்குப் போனது. கம்பெனிகள் மலிவான சான்றிதழைத் தேடின, யாரோ அதைக் கொடுத்தார்கள். 2024 செப்டம்பரில் வாரியம் வீட்டு மின்சாதனங்களுக்குக் கிலோவுக்குக் குறைந்தது 22 ரூபாய் என்று தளவிலை வைத்தது. டெய்கின், சாம்சங், எல்.ஜி. உள்ளிட்ட நிறுவனங்கள் அதை எதிர்த்து டில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போயின. அரசு விலை நிர்ணயிக்கக் கூடாது, செலவு ஏறுகிறது என்பது அவர்கள் தரப்பு. மறுசுழற்சித் தரப்போ, தளவிலை இல்லாவிட்டால் முறையான ஆலையில் முதலீடு செய்ய யாரும் வரமாட்டார்கள் என்கிறது. என் மனது தளவிலைப் பக்கம்தான்.

இதே விதிகளில் இன்னொரு சக்தி வாய்ந்த கருவி இருக்கிறது. புதுப் பொருளில் இத்தனை சதவீதம் மறுசுழற்சிப் பொருள் கட்டாயம் இருக்க வேண்டும் என்பது. கெட்டியான பிளாஸ்டிக் பொட்டலங்களுக்கு 2025-26-ல் 30 சதவீதம் என்று தொடங்கி 2028-29-ல் 60 சதவீதம் என்று விதி சொல்கிறது. இதை நம்பி உணவுத் தரத்தில் பெட் பிசின் செய்யும் இயந்திரங்களைக் கடன் வாங்கிப் போட்டவர்கள் இருக்கிறார்கள். நாள் நெருங்கியதும் பானத் துறையிலிருந்து அவகாசம் கேட்டுக் குரல் வந்தது. தளர்த்தினால் எங்கள் முதலீடு போய்விடும் என்றார்கள் மறுசுழற்சியாளர்கள். விதியை எழுதிவிட்டு, அதை நம்பி முதலீடு செய்தவன் காலடியிலிருந்து பலகையை உருவக் கூடாது. ஒரு சங்கம் வலுவாக நிற்க வேண்டிய இடம் என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்.

அந்தச் சான்றிதழ்களில் மோசடி நடந்ததாகச் செய்தி வந்ததே?

வந்தது, உண்மைதான். 2023-ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தணிக்கை செய்தபோது, குஜராத், மகாராஷ்டிரம், கர்நாடகம் ஆகிய மாநிலங்களில் இருந்த சில பிளாஸ்டிக் மறுசுழற்சி நிறுவனங்கள் சுமார் 6 லட்சம் போலிச் சான்றிதழ்களை உருவாக்கியது தெரியவந்தது. உருக்காத பிளாஸ்டிக்கை உருக்கியதாகக் கணக்கு.

இதில் முதல் பாதிப்பு நேர்மையான மறுசுழற்சியாளருக்குத்தான். அவர் மின்கட்டணம் கட்டி, கழுவிய தண்ணீரைச் சுத்திகரித்து, ஆட்களுக்குக் கூலி கொடுத்து எடுத்த சான்றிதழும், ஒரு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து தட்டிய சான்றிதழும் ஒரே சந்தையில் போட்டியிடும்போது யார் தோற்பார் என்று சொல்லத் தேவையில்லை.

முதல் பதிலில் "பாதி நியாயம்" என்றது இதனால்தான். எங்களைக் கழிவு வியாபாரியாக நடத்தாதே என்று கேட்கும் சங்கம், தன் உறுப்பினர் யூனிட்டில் எந்தச் சரக்கு வந்தது, எது வெளியே போனது, நடுவில் எவ்வளவு மின்சாரம் ஓடியது என்று காட்டத் தயாராக இருக்க வேண்டும். மின்கட்டண ரசீதையும் சான்றிதழ் எண்ணிக்கையையும் பக்கத்தில் வைத்தாலே பாதிப் பொய் தெரிந்துவிடும். வரியைக் குறை என்று கேட்பதில் இருக்கும் உரத்த குரல், எங்களைத் தணிக்கை செய் என்று கேட்பதில் இல்லை. வரிக் குறைப்பு சுத்தமாகத் தொழில் செய்பவருக்கும் குறுக்குவழிக்காரருக்கும் ஒரே அளவு லாபம் தரும். தணிக்கை முதலாமவருக்கு மட்டும் லாபம். இரண்டு பேருமே சந்தா கட்டுகிற சங்கத்தில் எந்தக் கோரிக்கைக்கு எளிதாகக் கை உயரும்? ஒரு சங்கத்தை எடைபோட என்னிடம் இருக்கும் அளவுகோல் இது ஒன்றுதான்.

ஈயத் தொழிலில் இது எப்படி?

மிக மோசம். பழைய பேட்டரியை ஏலத்தில் எடுத்து, அமிலத்தைச் சாக்கடையில் கொட்டி, திறந்த அடுப்பில் ஈயம் உருக்குகிறவருக்குச் செலவே கிடையாது. ஆகவே பழைய பேட்டரிக்கு அவர் அதிக விலை தருவார். புகை வடிகட்டி, அமிலச் சுத்திகரிப்பு, தொழிலாளர் ரத்தப் பரிசோதனை என்று செலவழிக்கும் ஆலைக்குச் சரக்கே கிடைக்காது. பக்கத்தில் விளையாடும் குழந்தையின் ரத்தத்தில் ஈயம் ஏறும், அது மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். அதை மாற்ற மருந்து இல்லை. முறையான ஈய மறுசுழற்சியாளர்கள் அமலாக்கத்தைக் கடுமையாக்கக் கேட்பது தங்கள் வியாபாரத்துக்காகவும்தான். இருக்கட்டும். குழந்தைக்கு அது நல்லது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் புதிய விதி நம்மை எப்படிப் பாதிக்கும்?

2024 மே மாதம் அமலுக்கு வந்த கழிவு ஏற்றுமதி ஒழுங்குமுறைப்படி, 2027 மே 21 முதல் பணக்கார நாடுகளின் ஓ.இ.சி.டி. கூட்டமைப்பில் இல்லாத நாடுகளுக்குக் கழிவு அனுப்ப வேண்டுமானால், அந்த நாடு ஐரோப்பிய ஆணையத்தின் பட்டியலில் இருக்க வேண்டும். அது போதாது, வாங்கும் ஆலையும் சுதந்திரமான தணிக்கையில் தேறியிருக்க வேண்டும். இந்தியா அந்தக் கூட்டமைப்பில் இல்லை. இரும்பு ஸ்கிராப்பும் அவர்கள் சட்டத்தில் கழிவுதான். பிளாஸ்டிக் கழிவுக்கு 2026 நவம்பரிலிருந்தே தடை. நாமே 2019-ல் பிளாஸ்டிக் கழிவு இறக்குமதியைத் தடை செய்துவிட்டதால் அதில் நமக்குப் பெரிய பாதிப்பில்லை.

இதில் சங்கங்களின் அணிவகுப்பைக் கவனியுங்கள். ஐரோப்பிய எஃகு ஆலைகளின் சங்கம் யூரோஃபெர் கட்டுப்பாட்டை வரவேற்றது. ஸ்கிராப் உள்ளூரிலேயே தங்கினால் அவர்களுக்கு மலிவு. யூரிக்கும் பி.ஐ.ஆரும் சுத்தமான உலோகத்தைப் பிளாஸ்டிக் குப்பையோடு ஒரே தட்டில் வைக்காதீர்கள் என்று எதிர்த்தன. எல்லாருமே பசுமை, நிலைத்தன்மை என்றுதான் பேசினார்கள். பேச்சு ஒன்றாக இருக்கும்போது, யாருக்குச் சரக்கு மலிவாகும் என்று பார்த்தால் நிலைப்பாடு புரிந்துவிடும்.

தணிக்கை நிபந்தனை நமக்கு நல்லது என்றே நினைக்கிறேன். 2018-ல் சீனா 24 வகைக் கழிவுகளின் இறக்குமதியை நிறுத்தியபோது, அந்தச் சரக்கெல்லாம் தென்கிழக்கு ஆசியத் துறைமுகங்களில் வந்து குவிந்து பல ஊர்களின் காற்றையும் தண்ணீரையும் கெடுத்தது. தணிக்கை இருந்திருந்தால் அந்த அளவுக்குப் போயிருக்காது.

அலங் கப்பல் உடைப்புத் தளம் மாறியதில் சங்கத்துக்குப் பங்கு உண்டா?

சங்கத்தை விட வாடிக்கையாளருக்குப் பங்கு அதிகம். கப்பல் முதலாளிகள், குறிப்பாக ஜப்பானியர்கள், பாதுகாப்பான யார்டுக்கே கப்பல் தருவோம் என்றதால் 2015 முதல் பல யார்டுகள், கப்பல்களைப் பாதுகாப்பாக உடைப்பதற்கான ஹாங்காங் உடன்படிக்கையின் தரத்துக்குச் சான்று வாங்கத் தொடங்கின. இந்தியா 2019-ல் அந்த உடன்படிக்கையில் சேர்ந்து தனிச் சட்டமும் போட்டது. உடன்படிக்கை 2025 ஜூன் 26-ல் தான் உலக அளவில் அமலுக்கு வந்தது. கடற்கரை மணலிலேயே கப்பலை ஏற்றி உடைக்கும் முறை மீதான விமர்சனம் இன்னும் தீரவில்லை. அதில் விமர்சகர்கள் கேட்கும் கேள்விகள் சரியானவை.

குப்பை பொறுக்குபவர்களுக்கும் காயலாங்கடைக்காரர்களுக்கும் இந்தச் சங்கங்களில் இடம் இருக்கிறதா?

பெரும்பாலும் இல்லை. சந்தா, ஜி.எஸ்.டி. பதிவு, மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி எல்லாம் இருந்தால்தான் உறுப்பினர். ஆலைக்கு வரும் பொருளில் பெரும்பகுதியைச் சேர்ப்பவர்கள் வெளியே நிற்கிறார்கள்.

அதனால் அவர்கள் தங்களுக்கென்று அமைப்பு கட்டினார்கள். புனேயில் 1993-ல் தொடங்கிய காகத் காச் பத்ரா கஷ்டகாரி பஞ்சாயத்து கழிவு சேகரிப்போரின் தொழிற்சங்கம். அதிலிருந்து பிறந்த ஸ்வச் கூட்டுறவு 2008-ல் புனே மாநகராட்சியோடு ஒப்பந்தம் போட்டு வீடு வீடாகக் குப்பை சேகரிக்கிறது. பெங்களூரில் கழிவு சேகரிப்போருக்கான ஹசிரு தளா அமைப்பு இருக்கிறது. 2016-ன் திடக்கழிவு விதிகள் கழிவு சேகரிப்போரை முறையான அமைப்புக்குள் சேர்க்க வேண்டும் என்று சொன்னதற்குப் பின்னால் இப்படிப்பட்ட அமைப்புகளின் பல வருஷ உழைப்பு இருக்கிறது. ஐ.நா. பிளாஸ்டிக் உடன்படிக்கைப் பேச்சுகளிலும் கழிவு சேகரிப்போரின் சர்வதேசக் கூட்டமைப்பு உட்கார்ந்து வாதாடியது.

ஆலைகளின் சங்கம் "முறைசாராத் துறையை ஒழுங்குபடுத்து" என்று கேட்கும்போது ஒரு விஷயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஈயத்தைத் திறந்த அடுப்பில் உருக்குபவரை நிறுத்துவது வேறு. சைக்கிளில் போய்ப் பழைய பேப்பர் வாங்குபவரின் பிழைப்பைப் பிடுங்குவது வேறு. சேகரிப்பும் பிரிப்பும் அவர்களிடமே இருக்கட்டும். நெருப்பும் அமிலமும் ஆலைக்குள் வரட்டும்.

தமிழ்நாட்டில் இதற்குச் சொந்தமான உதாரணம் ஏதாவது?

கோவை, திருப்பூர் வட்டாரத்து ஓ.இ. (ஓப்பன் எண்ட்) நூற்பாலைகள். நூற்பாலையில் ஒதுங்கும் கழிவுப் பஞ்சு, பனியன் கம்பெனியில் விழும் கட்டிங் வேஸ்ட், பெட் பாட்டிலிலிருந்து வரும் இழை ஆகியவற்றைக் கலந்து நூல் எடுக்கிறார்கள். அது துண்டு, போர்வை, லுங்கி, தரைவிரிப்பு என்று போகிறது. நிறத்தின்படி பிரித்த கட்டிங் வேஸ்ட்டை அப்படியே பிய்த்து நூற்றால் நூலுக்கு மறுபடி சாயம் போட வேண்டாம். நொய்யல் மாசுபட்டதற்காக 2011-ல் சாயப்பட்டறைகளையே மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்ட ஊரில், சாயமில்லாத நிற நூல் எவ்வளவு பெரிய விஷயம் என்று நினைத்துப் பாருங்கள்.

இவர்களின் சங்கங்கள் முன்வைக்கும் கோரிக்கைகள் கழிவுப் பஞ்சின் விலையேற்றம் பற்றியும், 2022 செப்டம்பர் உயர்வுக்குப் பிறகு மின்சார நிலைக்கட்டணம் பற்றியும் இருக்கும். கேட்கும்போது வெறும் விலை விவகாரமாகத்தான் தோன்றும். ஆனால் இந்த ஆலைகள் நின்றால் அந்தத் துணிக்கழிவு எங்கே போகும்? தாங்கள் மறுசுழற்சித் தொழில் என்பதை இவர்கள் இன்னும் உரக்கச் சொல்ல வேண்டும். மிச்சமாகும் தண்ணீரையும் சாயத்தையும் அளந்து எழுதி, கோரிக்கை மனுவின் முதல் பக்கத்திலேயே வைக்க வேண்டும்.

சங்கங்கள் சொல்லும் புள்ளிவிவரங்களை நம்பலாமா?

ஆற்றல் மிச்சக் கணக்குகள் பெரும்பாலும் உலோகவியலிலிருந்து வருபவை, நம்பலாம். "நாட்டில் இத்தனை சதவீதம் மறுசுழற்சி ஆகிறது" என்று வந்தால் நிறுத்திக் கேளுங்கள். சேகரித்த அளவா, ஆலைக்குள் போன அளவா, பொருளாக வெளியே வந்த அளவா? மூன்றும் வேறு வேறு எண்கள். பெரிய எண்தான் பத்திரிகைக் குறிப்பில் வரும்.

சின்ன யூனிட் வைத்திருக்கிறேன். சேரலாமா?

சேருங்கள், ஆனால் முதலில் இரண்டு விஷயம் விசாரியுங்கள். உங்களைப் போன்ற அளவுள்ளவர்கள் நிர்வாகக் குழுவில் இருக்கிறார்களா? கடைசியாக வந்த வரைவு விதிக்குச் சங்கம் அனுப்பிய கடிதத்தை உங்களுக்குக் காட்டுவார்களா? காட்டத் தயங்கினால் யோசியுங்கள். தேசியச் சங்கத்தின் சந்தா கட்டுப்படியாகாவிட்டால் மாவட்டத்தில் இருக்கும் குறுந்தொழில் சங்கத்திலேயே மறுசுழற்சிப் பிரிவு ஒன்றைத் தொடங்கலாம். நான்கைந்து யூனிட்டுகள் சேர்ந்து பொதுச் சுத்திகரிப்பு, பொதுத் தணிக்கையாளர் என்று போனால் ஆளுக்குச் செலவும் குறையும். அரசு உதவித் திட்டங்களின் விவரம் முதலில் வந்து சேர்வதும் சங்கங்களுக்குத்தான். 2025 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புக்கொண்ட, முக்கியக் கனிம மறுசுழற்சிக்கான 1,500 கோடி ரூபாய்த் திட்டத்தில் புதிய, சிறிய நிறுவனங்களுக்கும் ஒரு பங்கு ஒதுக்கியிருக்கிறார்கள். பலருக்கு இது தெரியாது.

நான் தொழிலில் இல்லை. எனக்கு இதில் என்ன வேலை?

மேலே சொன்ன 60 நாள் உங்களுக்கும் சேர்த்துத்தான். வரைவு விதிக்கு யார் வேண்டுமானாலும் கருத்து அனுப்பலாம். சங்கங்கள் அனுப்புகின்றன, பெரிய கம்பெனிகள் அனுப்புகின்றன. ஆலைக்குப் பக்கத்தில் குடியிருப்பவர் அனுப்புவது அபூர்வம்.

சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் இணையதளத்திலும் அரசிதழிலும் வரைவு வரும். அனுப்ப வேண்டிய முகவரி அதன் முதல் பக்கத்திலேயே இருக்கும். எந்த விதி எண்ணைப் பற்றிப் பேசுகிறீர்கள், உங்கள் ஊரில் நிலைமை என்ன, என்ன வாசகம் சேர்க்க வேண்டும் என்று ஒரு பக்கத்தில் எழுதினால் போதும். ஆலைக்குள் வரும் சரக்கு, வெளியே போகும் பொருள், மின்சார அளவு ஆகிய மூன்றையும் பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிட வேண்டும் என்ற ஒரு வரியையும் தயவுசெய்து சேர்த்துவிடுங்கள்.